முதல் தட்டு அத்தைக்கு

ஜனவரி 4, ஞாயிறு

இதனால் சகலமானவர்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், இன்று காலை பதினொன்றேகால் மணியளவில், பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் இல்லத்தில் வாழைக்காய் பஜ்ஜி காலமானது. துக்கம் தாளாமல் சொஜ்ஜியும் உடன் சென்றது. இருவரும் மூன்று தலைமுறைகளாக எங்கள் குடும்பத்துப் பெண் பார்க்கும் வைபவங்களில் அயராது தொண்டாற்றியவர்கள். பூதவுடல் முழுவதும் தின்னப்பட்டுவிட்டதால் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

மரணத்துக்குக் காரணம், தரகர் அம்பலவாணன் அண்ணாச்சி. கோமதி அக்காவுக்கு ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். தென்காசிக்காரர்கள். மாப்பிள்ளை பெயர் குற்றாலநாதன்.

“ஆறு வருசமா இத்தாலில வேலை. டூரின்னு ஒரு ஊரு. எண்ணெய்ப் பலகாரமே தொடமாட்டாராம். அந்த ஊருப் பதார்த்தம் நாலு, பொண்ணு கையால செஞ்சு வச்சிட்டா அவுகளுக்கு மனசு குளுந்துரும்” என்றார் அண்ணாச்சி, கடைசி பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே. அதுவும் சைவப் பதார்த்தமாக இருக்க வேண்டுமாம். எங்கள் ஆட்களுக்கு முட்டையே ஆகாது.

“செஞ்சிருவா” என்றார் அப்பா. அக்காவைக் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பாத்திரக்கடை. பேசினால் அண்டா உருளும். பேசாமல் இருந்தால் இடுப்பு பெல்ட்டில் கை போகும். அதற்கு நான் வைத்த பெயர் தோல் வைத்தியம். என் கணக்கு மார்க்குக்கும் என் குறும்புக்கும் ஒரே மருந்து, ஒரே வைத்தியர். அப்பா பேசும்போது அம்மா அடுப்பைப் பார்ப்பாள். அடுப்பு எரியாவிட்டாலும் பார்ப்பாள்.

“இத்தாலி என்ற சொல்லுக்குள்ளேயே தாலி இருக்கு, கவனிச்சீங்களா?” என்று நான் சபையில் ஒரு கருத்து வைத்தேன். அக்கா சிரித்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

ஜனவரி 7, புதன்

ஆலிவ் எண்ணெய் வாங்க என்னை அனுப்பினார்கள். மளிகைக்கடையில் இல்லை. மருந்துக்கடையில் இருந்தது.

“எத்தனை மாசக் குழந்தை?” என்றார் கடைக்காரர்.

“நூத்தித் தொண்ணூத்திரண்டு மாசம்ணே. நான்தான்.”

டப்பாவைப் பார்த்துவிட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏலே பிரமநாயகம், இது பிள்ளைக்குத் தேச்சுக் குளிப்பாட்டுதது. தின்ன முடியாது.” பிறகு வண்ணார்பேட்டையில் பெரிய கடையில் சரியான புட்டி கிடைத்தது. குழந்தை எண்ணெயை அப்பாவின் தலைக்கு வைக்கும் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன். நாளைக்கு அப்பா தொட்டில் வாசனையோடு கடைக்குப் போவார்.

ஜனவரி 10, சனி

இன்று வீட்டில் பால் திரிந்தது. தானாகத் திரியவில்லை, திரிக்கப்பட்டது. ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள் அக்கா. “தை பொறக்கப் போற நேரத்துல பாலைத் திரிக்கியே, ஆகுமாளா?” என்று அம்மா புலம்பினாள். திரிந்ததை வேட்டித் துணியில் வடிகட்டிக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்தால், வெள்ளை வெளேர் என்று பஞ்சு மாதிரி பாலாடைக்கட்டி. உப்பும் மிளகும் தூவி எனக்கு ஒரு வாய் கொடுத்தாள். ஒத்துக்கொள்கிறேன், நன்றாக இருந்தது.

அடுத்த தேவை ‘பேசில்’ என்ற இலை. ஊரெல்லாம் தேடினோம். கடைசியில் கோயில் வாசலில் பூக்காரம்மா மாலையில் வைத்துக் கட்டும் திருநீற்றுப்பச்சிலையை அக்கா கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுதாம்ல! இம்புட்டு நாளா சாமி கழுத்துல கெடந்திருக்கு” என்று ரோட்டிலேயே குதித்தாள். இருபத்துநாலு வயசுப் பெண், வேதியியல் பட்டதாரி, குதித்தாள்.

தோசைக்கல்லில் ரொட்டியை வாட்டி, சூட்டோடு பூண்டைத் தேய்த்து, பொடிப்பொடியாக நறுக்கிய தக்காளியும் இலையும் எண்ணெயும் கலந்து மேலே வைத்தால் அதற்குப் பெயர் புருஸ்கெட்டா. புருஷன் கெட்டால் புருஸ்கெட்டா என்றேன். அதற்கும் சிரித்தாள். இரண்டு நாளாக எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள். பாட்டு வேறு.

ஆனால் என் கண்ணை ஏமாற்ற முடியுமா? நான் கண்டுபிடித்துவிட்டேன். அது நடிப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் மேலே படிக்க வேண்டும் என்று கேட்டபோது அப்பா விண்ணப்பத்தைக் கிழித்தார். அன்றைக்கும் அவள் அழவில்லை. இப்போது கண்காணாத தேசத்துக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். வெளியே சிரித்து உள்ளே அழுகிறாள். அவளைக் காப்பாற்ற இந்த வீட்டில் ஒரே ஒரு ஆண்மகன்தான் இருக்கிறான். அடக்கத்தின் காரணமாகப் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஜனவரி 12, திங்கள்

அரையாண்டுத் தேர்வுக் கணக்குத்தாள் கொடுத்தார்கள். நூற்றுக்கு இருபத்தாறு. வைத்தியர் வீட்டில் இருந்தார். அக்கா வழக்கம்போல நடுவில் வந்து நின்றுகொண்டாள். அவள் முழங்கையில் ஒரு வரி. எனக்கு ஒன்றும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எழுத ஒன்றுமில்லை. எழுத ஒன்றுமில்லாத நாளைத்தான் இந்த வீட்டில் பண்டிகை என்கிறோம்.

ஜனவரி 18, ஞாயிறு

ஒத்திகை. மூன்று பதார்த்தம் முடிவாகிவிட்டது. ஒன்று புருஸ்கெட்டா. இரண்டு, கத்தரிக்காயை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவி, கல்லில் வாட்டி, உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டியது. மூன்று, சின்னத் தக்காளி, இலை, கட்டி என்று வரிசையாகப் பல்குச்சியில் குத்தியது. கத்தரிக்காயை எட்டாம் முறையாகச் செய்கிறாள். ஏழு முறையும் தின்றவன் நான். தக்காளியை உப்புப் போட்டு வடியவிட்டால்தான் ரொட்டி ஊறாது என்பதை நான்காம் முறையில் கண்டுபிடித்துக் காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறாள், ஆய்வகத்தில் குறிப்பது மாதிரி.

அம்பலவாணன் அண்ணாச்சி ஏற்பாட்டில் மாப்பிள்ளை பத்து நிமிடம் போனில் பேசினார். அப்பா முன்னறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அனுமதித்தார். அக்கா அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். பிறகு முகம் முழுக்கச் சிவப்பு.

“என்ன சொன்னாவ?” என்றாள் அம்மா.

“தக்காளி நல்லாப் பழுத்ததா இருக்கணுமாம்.”

பத்து நிமிடமும் தக்காளியா? அழுதிருக்கிறாள், அதனால்தான் சிவப்பு என்று குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 24, சனி

நாளைக்கு வருகிறார்கள். திட்டம் தயார். என் நண்பன் மாசானமுத்து வீட்டு வேலியோரம் காந்தாரி மிளகாய்ச் செடி இருக்கிறது. விரல் நகம் அளவுதான் மிளகாய், கடித்தால் முன்னோர்கள் தெரிவார்கள். ஆறு பறித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு என்று அக்கா ஒரு தட்டை எடுத்து வைத்திருக்கிறாள். அம்மாவின் நீலக்கரைப் பீங்கான் தட்டு. மற்றவர்களுக்கெல்லாம் கடை எவர்சில்வர். எது யாருக்கு என்று குழப்பமே இல்லை. பெண் கையால் முதல் தட்டு மாப்பிள்ளைக்கு, அதுதான் வழக்கம். ஒரு கடி. குற்றாலநாதன் இத்தாலிக்கு நடந்தே ஓடுவார். எங்கள் அக்கா மீட்கப்படுவாள்.

பின்னால் இந்த நாட்குறிப்பைக் கண்டெடுப்பவர்கள் சிலை வைப்பதாக இருந்தால், மீசையோடு வைக்கவும்.

ஜனவரி 25, ஞாயிறு

சரியாக நான்கு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா, அப்புறம் ஒரு வெள்ளைப் புடவை அத்தை. அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்தது அந்த வேலம்மை அத்தைதான் என்று அண்ணாச்சி சொன்னார். மாப்பிள்ளை நான் நினைத்தபடி இல்லை. ஒல்லி. செருப்பை வரிசையாக விட்டார், மற்றவர்கள் விட்டதையும் சேர்த்து. என்னிடம் “பிளஸ் ஒன்னா? எந்த குரூப்பு?” என்று கேட்டுவிட்டுப் பதிலையும் கேட்டார்.

அக்கா புடவை கட்டப் போயிருந்தாள். தட்டுகளில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைத்தான் அடுக்களையில் நிறுத்தியிருந்தார்கள். நீலக்கரைத் தட்டில் மூன்று ரொட்டி. மேலிருந்த தக்காளியை ஸ்பூனால் எடுத்து, நசுக்கிய காந்தாரியைக் கலந்து, இருந்த மாதிரியே வைத்தேன். அதில் ஒரு ரொட்டியின் மேல் மட்டும் அக்கா இலையை நிமிர்த்தி வைத்திருந்தாள், கொடி மாதிரி. அதையும் நிமிர்த்தியே வைத்தேன். கை நடுங்கவில்லை.

அக்கா வந்தாள். மயில்கழுத்து நிறப் புடவை. தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். மாப்பிள்ளை வாங்கினார். வாங்கினாரா? எழுந்தார். நேராகப் போய் அத்தை கையில் கொடுத்தார்.

“எங்க வீட்டுல எப்பவும் மொதத் தட்டு அத்தைக்குத்தான்” என்றார் அவர் அம்மா, பெருமையாக.

“நீ தின்னுய்யா, ஒனக்குன்னு செஞ்சிருக்கா பிள்ள” என்றாள் அத்தை.

“நீங்க எடுங்க அத்தை. மொத மொத இதைத்தான் ஒங்களுக்குச் செஞ்சு குடுக்கணும்னு நெனச்சேன், முடியல. இவ செஞ்சிட்டா.”

இந்தப் பழக்கத்தை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

அத்தை நிமிர்ந்த இலையோடு அந்த ரொட்டியைக் கடித்தாள். “நல்லா மணக்கே” என்றாள். அடுத்த நொடி இருமல். முகம் தக்காளியானது. கண்ணிலிருந்து குற்றாலம் கொட்டியது. (மாப்பிள்ளை பெயரை வைத்து எழுதியது. எழுதும்போது சிரிப்பு வரவில்லை.) அம்மா தண்ணீரோடு ஓடினாள். தாய்மாமா முதுகில் தட்டினார்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த முந்தானையைப் பார்த்தாள். பிறகு எழுந்துவிட்டாள்.

“பொண்ணு பாக்க வந்த எடத்துல கண்ணு கலங்கப்படாது. கலங்குனா அந்தச் சம்பந்தம் வெளங்காது.”

“அத்தை, மிளகாதான அத்தை” என்றார் மாப்பிள்ளை.

“மிளகாயோ மனசோ, தண்ணி தண்ணிதாம்ல. என் கண்ணுல தண்ணி வந்து கெட்டது ஒருக்கா போதும். அன்னைக்கும் ஒங்க அப்பனுக்குப் பொண்ணு பாத்த வீட்டுல பொகைன்னுதான் சொன்னாவ. அவன் நெலைச்சானா?”

மாப்பிள்ளையின் அம்மா தரையைப் பார்த்தாள்.

அக்கா அப்போது ஒன்று செய்தாள். நீலத்தட்டில் மிச்சமிருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மெதுவாக. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. விழுங்கினாள். ஒரு முறை அடுக்களை வாசலைப் பார்த்தாள், அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அத்தையிடம் திரும்பி, “எம் மேலதான் தப்பு அத்தை. மிளகா அளவு தெரியாமப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க” என்றாள்.

மாப்பிள்ளை போகும்போது எவர்சில்வர் தட்டிலிருந்து ஒரு கத்தரிக்காய்ச் சுருளை எடுத்துத் தின்றார். “ரொம்ப நல்லா இருக்கு” என்றார். யாரும் கேட்கவில்லை.

கார் போனது. அப்பா கதவைச் சாத்தினார். நான் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அங்கே இருந்தால் கீழே பேசுவது கேட்காது. மற்றதும் கேட்காது.

ஆக, ஆபரேஷன் வெற்றி.

ஜனவரி 26, திங்கள்

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மாசானமுத்துவிடம் நடந்ததைச் சொன்னேன். “மச்சான், நீ தெய்வம்ல” என்றான். மூன்று பேரிடம் சொல்லச் சொல்லி அனுப்பினேன். சொன்னான். தெய்வமாக ஒரு நாள் கழிந்தது.

ஜனவரி 29, வியாழன்

அம்பலவாணன் அண்ணாச்சி வந்தார். இந்த முறை காப்பி மட்டும்.

“பையனுக்கு முழுச் சம்மதம். மூணு நாளா அத்தைகிட்ட மல்லுக்கட்டுதான். அவ பச்சைத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கா. வளத்தவளைச் சாகக் குடுத்துட்டா கட்டுவான்? இன்னைக்கு ராத்திரி பிளேன்ல ஏறுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கண்ணீர் விழுந்த வீடுன்னு தென்காசி வரைக்கும் பேச்சாயிட்டு. இனிமே ரொம்பப் பாத்துக்கிட்டிருக்க முடியாது அண்ணாச்சி, வந்ததை முடிச்சிரணும்.”

“முடிங்க” என்றார் அப்பா.

அக்கா துணிக்கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வெயிலில் முழுக்கைச் சுடிதார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஐந்து நாளாகத் தெய்வத்துக்குச் சோறு இறங்கவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும் என்றிருந்தது. சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வருமுன், அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தப்பிச்சிட்டேல்லா?” என்றேன்.

“யாரு?”

“நீதான். இத்தாலில இருந்து.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “எத்தனை மிளகாலே போட்டே?”

விரல்களைக் காட்டினேன்.

“ஆறா? நான் பத்துக்கு மேல இருக்கும்னு நெனச்சேன்.”

“தெரியுமா ஒனக்கு?”

“நான் அந்த ரொட்டில மிளகாயே போடலையேல.” தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “அவுக அந்தப் பத்து நிமிசத்துல என்ன கேட்டாவ தெரியுமா? ‘நீங்க இங்க வந்து என்ன படிக்கணும்னு நெனைக்கீங்க’ன்னு. வந்தா என்ன சமைப்பேன்னு கேக்கல. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இதுவரை யாரும் கேக்காததால யோசிச்சே வைக்கல. தக்காளியைப் பத்தி என்னமோ உளறுனேன். அவுக சிரிச்சாவ.”

“நீ அழுதேன்னு நெனச்சேன்.”

“சந்தோசமா இருந்தேம்ல. ஒரு மாசம். பாலைத் திரிச்சப்ப, கத்தரிக்காயைச் சீவுனப்ப, எல்லாத்துலயும். இந்த வீட்ட விட்டுப் போவப் போறேன்னு காலைல முழிச்சதும் நெனச்சுக்கிடுவேன். அவ்வளவுதாம்.” கையைக் கழுவினாள். “நீ எதுக்குல அப்படிப் பண்ணுன?”

“ஒனக்காகத்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “சரி” என்றாள். “போய்க் கணக்கு போடு. அப்பா வாரதுக்குள்ள.”

பிப்ரவரி 8, ஞாயிறு

கயத்தாறிலிருந்து உரக்கடைக்காரர் வந்தார். வயது முப்பத்தெட்டு. வாழைக்காய் பஜ்ஜி உயிர்த்தெழுந்தது. ஒன்பது தின்றார். அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எங்கம்மாவுக்கு நடக்க முடியாது, பாத்துக்கிடுவியா?” அக்கா தலையாட்டினாள். யாருக்கும் கண் கலங்கவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது. பங்குனியில் கல்யாணம்.

தக்காளிக் குறிப்பு எழுதிய காகிதத்தில் அம்மா பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுத்தாள். தெரியாமல்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அப்பாவுக்கு ஏதோ கோபம். அக்கா நடுவில் வந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றேன். பெல்ட் வலிக்கவே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

மேலே உள்ள பத்தாம் தேதிக் குறிப்பு பொய். நான் அவளைத் தள்ளவில்லை. அவள் பின்னால்தான் நின்றேன், வழக்கம்போல. இனிமேல் யாராவது இதைப் படித்தால் அந்தக் கடைசி இரண்டு வரியை விட்டுவிடவும்.

எழுத ஆரம்பித்தாயிற்று, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இருபத்தைந்தாம் தேதி கை நடுங்கவில்லை என்று எழுதியதும் பொய். ஒரு மிளகாய் கீழே விழுந்து, தேடி எடுத்தேன். அக்கா நடிக்கிறாள், உள்ளே அழுகிறாள் என்று கண்டுபிடித்ததாக எழுதினேனே, அதுவும் அப்படித்தான். அவள் சந்தோஷமாக இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். ரோட்டில் குதித்தவளைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நடிப்பு என்று எழுதினால் எனக்கு வசதியாக இருந்தது.

அவளுக்காக நான் எதுவும் செய்யவில்லை. பன்னிரண்டாம் தேதி, அந்தக் கணக்குத்தாள் அன்றைக்கு, அவள் முழங்கையைப் பார்த்துக்கொண்டே, வரன் வந்ததிலிருந்து மனசில் கிடந்த ஒரு கணக்கைப் போட்டு முடித்தேன். அது ஒன்றைத்தான் நான் சரியாகப் போட்டேன். டூரினுக்குப் போய்விட்டால் நடுவில் நிற்க ஆள் இல்லை. பிளஸ் டூ முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவ்வளவுதான் ஆபரேஷன். மீட்பு, சிலை, மீசை எல்லாம் அதன் மேலே தூவியது.

“ஒனக்காகத்தான்” என்றபோது அவள் “சரி” என்றாளே, அவளுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். போய்க் கேட்க வேண்டும். மூன்று நாளாகப் போகிறேன். அடுக்களை வாசல் வரைக்கும் போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இன்னும் ஒன்று. எட்டாம் தேதி உரக்கடைக்காரர் போன பிறகு அம்மா கண்ணைத் துடைத்ததைப் பார்த்து அம்பலவாணன் அண்ணாச்சி, “கயத்தாறு என்ன சீமையிலயா இருக்கு? பஸ்ஸுல ஏறுனா நாப்பது நிமிசம். ஒரு சத்தம் குடுத்தா வந்து நிக்கப் போறா” என்று சிரித்தார்.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்.